நேரசூசி போடுற ஆக்களுக்கு ஒரு திறந்த மடல்

திருகோணமலை மாவட்டத்துப் பள்ளிக்கூடங்களின்ட அதிபர்மாருக்கும் பிரதி அதிபர்மாருக்கும், அதிலயும் முக்கியமா வருசக் கடைசி லீவில மேசை நிறையத் தாளப் பரப்பி வச்சு பென்சிலும் அழிறப்பருமா இருந்து நேரசூசி போடுற அந்த ஒராளுக்கும், வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும்.

நேரா விசயத்துக்கு வாறன். வாற வருச நேரசூசியில, ஒரே தரத்துக்கு ஒரே பாடம் படிப்பிக்கிற ஆசிரியர்மாருக்குக் கிழமைக்கு ஒரு பாடவேளை ஒண்டா ஃப்ரீயா வாற மாதிரிப் போட்டுத் தாங்க. ஒண்டே ஒண்டுதான். கிழமை முழுக்க வாற பாடவேளையள்ல ஒண்டு. இதுக்குக் காசு தேவையில்ல, கட்டடம் தேவையில்ல, ஸ்மார்ட் போர்ட் தேவையில்ல, கொழும்பில இருந்து ஆரும் வந்து ரிப்பன் வெட்டவும் தேவையில்ல. அந்த நேரத்தில நாங்க ஒரு மேசையில இருந்து வாற கிழமைப் பாடத்தில ஒண்டச் சேந்து பிளான் பண்ணப்போறம், அவ்வளவுதான்.

இத ஏன் அமைச்சுக்கு எழுதாம எங்களுக்கு எழுதுறாய் எண்டு கேப்பீங்க. பாடத்திட்டம் மகரகமயில, தேசிய கல்வி நிறுவகத்தில எழுதப்படுது, சுற்றறிக்கை கல்வி அமைச்சு இருக்கிற இசுருபாயவில இருந்து வருது, சோதனை பரீட்சைத் திணைக்களம் வைக்குது, இதில ஒண்டிலயும் எங்கட கை இல்ல, உங்கட கையும் இல்ல. ஆனா புதன்கிழமை மூண்டாம் பாடவேளை ஆர் வகுப்பில நிக்கிறது ஆர் ஸ்டாஃப் ரூமில இருக்கிறது எண்டத முடிவெடுக்கிறது நீங்க மட்டும்தான். கல்வி மாற்றம், சீர்திருத்தம், மொடியூல் எண்டு இப்ப எல்லாரும் பெரிசாக் கதைக்கினம், கதைக்கட்டும், ஆனா அது எல்லாம் வகுப்புக்குள்ள வந்து சேருறதா இல்லாட்டி வழியிலயே நிண்டுபோறதா எண்டது கடைசியில உங்கட மேசையில கிடக்கிற அந்தத் தாளிலதான் கிடக்கு எண்டு நான் நினைக்கிறன்.

இப்ப பாடம் எப்பிடித் திட்டமிடப்படுது எண்டு உங்களுக்குத் தெரியாததில்ல, நீங்களும் அதே கதிரையில இருந்து வந்த ஆக்கள்தானே. ஞாயிறு பின்னேரம், சமையல் முடிஞ்சு, பிள்ளையின்ட ஹோம்வேர்க் பாத்து முடிச்சு, ஆசிரியர் வழிகாட்டிய ஒரு பக்கம் விரிச்சு வச்சு, பாடக்குறிப்புப் புத்தகத்தில தேர்ச்சி, தேர்ச்சி மட்டம், கற்றற் பேறு, தர உள்ளீடு எண்டு வரிசையா இறக்கிறம். திங்கள் காலமை அது அதிபர் மேசைக்குப் போகும், சிவப்புப் பேனையில கையெழுத்து விழும், திரும்பி வரும். தரம் 7க்கு மூண்டு டிவிசன் இருந்தா மூண்டு பேர் மூண்டு வீட்டில இருந்து அதே பக்கத்த மூண்டு கொப்பியில எழுதுவினம். ஒராள் எழுதினத மற்றாள் பாத்ததே இல்ல. பாத்தாலும் பாத்து எழுதினது எண்டு பேர் வந்திடும் எண்டு ஒரு பயம், என்னவோ சோதனை மண்டபத்தில இருக்கிற மாதிரி!

ஒரே பாட ஆசிரியர்மார் கூடுற தரவட்டக் கூட்டம் இருக்குத்தானே எண்டு சொல்லுவீங்க. இருக்கு. அதில தவணைப் பரீட்சைப் பேப்பர் ஆர் அடிக்கிறது, புள்ளிப் பகுப்பாய்வு எப்ப குடுக்கவேணும், கணித தினத்துக்கு ஆர் பொறுப்பு, வந்த ஆக்களுக்கு டீயோட என்ன, இதுவளக் கதைச்சு முடியேக்க மணி அடிச்சிடும். பின்னங்கள எப்பிடித் தொடங்கினா பிள்ளைக்கு ஏறும் எண்டு அங்க ஒருக்காலும் கதைச்சதில்ல. அது கதைக்கிற இடமும் இல்ல எண்டு ஆகிப்போச்சு.

2007ல தரம் 6க்கும் 10க்கும் தேர்ச்சி மையக் கலைத்திட்டம் எண்டு கொண்டு வந்தவை, அதோட 5ஈ முறையும் வந்தது. அமெரிக்காவில உயிரியல் பாடம் எழுதுற ஒரு குழு 1980கள்ல உண்டாக்கின முறை அது, பிள்ளையை முதல்ல விசயத்துக்குள்ள இழுத்து, தானே தேட விட்டு, பிறகு விளக்கி, விரிச்சு, கடைசியில மதிப்பிடுறது. நல்ல யோசனை, அதில எனக்கு இப்பவும் குறை சொல்ல ஒண்டும் இல்ல. ஆனா எங்கட வகுப்புகள்ல அது என்னவா வந்து இறங்கினது? டிமைத் தாள் எண்ட பெரிய தாளும் பிளட்டிக்னம் எண்ட மொத்தக் கலர்ப் பேனையும். ஆறு பேர் வட்டமா இருப்பினம், கையெழுத்து வடிவான பிள்ளை எழுதும், மற்ற அஞ்சும் பேனை மூடியக் கழட்டிக் கழட்டிப் பூட்டும், முடிய தாளச் சுவரில ஒட்டி ஒரு பிள்ளை வாசிக்கும், கைதட்டு. பிள்ளையள் சத்தம் போட்டுக்கொண்டு அங்கயும் இங்கயும் நடந்தா செயற்பாடு நடக்குது எண்டு எழுதிப்போட்டுப் போறது. யோசிச்சவையா எண்டு ஆரும் கேக்கேல்ல.

இதுக்கு ஆசிரியரைக் குறை சொல்லுறது லேசு. பி.ஜி.டி.ஈ எண்ட பட்டப்பின் கல்வி டிப்ளோமா படிக்கேக்க, பிள்ளை எப்பிடிப் படிக்குது எண்டு எழுதின பியாஜே, வைகொட்ஸ்கி, டூயி எண்டு பக்கம் பக்கமா எழுதித்தானே எல்லாரும் பாஸ் பண்ணினம், தெரியாமல் இல்ல. பிரச்சின வேற இடத்தில கிடக்கு. பிள்ளை தானா யோசிக்கிற பாடத்துக்கு ஒரு நல்ல கேள்வி வேணும். அந்தக் கேள்விக்குப் பிள்ளையள் என்னென்ன மறுமொழி சொல்லுவினம், எந்த இடத்தில பிழை விடுவினம், அப்ப நான் என்ன கேக்கவேணும் எண்டு முன்கூட்டியே யோசிச்சு வைக்கவேணும். ஒரு நாளைக்கு அஞ்சு ஆறு பாடவேளை எடுக்கிற ஒரு ஆள், தனியா இருந்து, ஒவ்வொரு பாடத்துக்கும் அத யோசிக்க ஏலாது. சேந்து இருந்தா கிழமைக்கு ஒரு பாடமாவது அப்பிடி வரும். நான் கேக்கிறதே அந்த ஒண்டுதான்.

சும்மா கற்பனையில சொல்லேல்ல. முதலாந் தவணையில இல்லங்களுக்கு இடையிலான விளையாட்டுப் போட்டிப் பயிற்சி நடக்கிற கிழமையள்ல பாடவேளையெல்லாம் சுருங்கி, பிள்ளையள் மைதானத்தில நிக்க, தரம் 7 கணிதம் எடுக்கிற நாங்க மூண்டு பேர் தற்செயலா ஒண்டா ஃப்ரீயாகினம். அடுத்ததா எடுக்கவேண்டியது சுற்றளவும் பரப்பளவும். கதை தொடங்கினது ஒரு முறைப்பாட்டில, என்ன படிப்பிச்சாலும் இதுவள் ரெண்டையும் மாறிப் போடுதுகள் எண்டு. மூண்டு பேருக்கும் அதே முறைப்பாடுதான், ஆனா அது அண்டைக்குத்தான் மூண்டு பேருக்கும் தெரிய வந்தது.

ஒரு டீச்சர் சொன்னா, சுற்றளவு சமன் எண்டா பரப்பளவும் சமன் எண்டுதான் பிள்ளையள் நினைக்கிறது, அத உடைக்காம சூத்திரம் குடுத்து வேலையில்ல எண்டு. சரி, உடைக்கிறதுக்கு என்ன கேள்வி? வழிகாட்டியில இருக்கிற மாதிரி "சுற்றளவு 24 மீ ஆகவுள்ள செவ்வகங்களின் பரப்பளவுகளைக் காண்க" எண்டு போட்டா செய்வினம், பேசாம செய்து போட்டுக் கொப்பிய மூடுவினம். அதில சண்டை பிடிக்க ஒண்டும் இல்ல. நிலாவெளிப் பக்கம் உப்பளம் இருக்கு, உப்புப் பாத்தியள வச்சுக் கேப்பமா எண்டு நான் சொன்னன், ரவுணில இருக்கிற பிள்ளை பஸ்ஸுக்குள்ள இருந்து பாத்ததோட சரி எண்டு மற்ற டீச்சர் தட்டிப்போட்டா. பிறகு வெங்காயத்துக்கு வந்தம். உங்களிட்ட 24 மீற்றர் கம்பி வலை இருக்கு, மாடு வராம வெங்காயத் தோட்டத்த நாலு மூலையாச் சுத்தி அடைக்கவேணும், எப்பிடி அடைச்சாக் கூட வெங்காயம் நடலாம், இல்லாட்டி எப்பிடி அடைச்சாலும் ஒண்டுதானா? கடைசித் துண்டுதான் முக்கியம். அதுக்குப் பிள்ளையள் முதல்ல கை தூக்கவேணும், எத்தின பேர் ஒண்டுதான் எண்டினம், எத்தின பேர் இல்ல எண்டினம் எண்டு போர்டின்ட ஒரு மூலையில எழுதி அழியாம வச்சிருக்கவேணும், கணக்குத் தொடங்க முதல்.

இனித்தான் உண்மையான சண்டை. 24ஆ 26ஆ? 24 எண்டா பக்கங்கள் 1ம் 11ம், 2ம் 10ம், 3ம் 9ம், 4ம் 8ம், 5ம் 7ம், 6ம் 6ம். பரப்பளவு 11, 20, 27, 32, 35, 36 எண்டு வடிவா ஏறிக்கொண்டு வந்து சதுரத்தில நிக்கும். 26 எண்டா முழு எண்ணில சதுரம் வராது, 6ம் 7ம் வச்சா 42, அதோட முடிஞ்சுது எண்டு பிள்ளை நினைக்கும், ஆரும் ஒரு பிள்ளை 6.5 எண்டு யோசிச்சாத்தான் 42.25 வரும். எங்களில மூத்த டீச்சர் 24தான் எண்டு நிண்டா, முதல் பாடத்திலயே தசமம் வந்தா பாதி வகுப்பு அதோட படுத்திடும் எண்டு. அடுத்தவ 26தான் எண்டா, 24 போட்டா வடிவுக்கு மயங்கி ஏன் எண்டு யோசிக்காயினம் எண்டு. எனக்கு ரெண்டு பேரும் சரி மாதிரித்தான் இருந்தது. கடைசியில முதல்ல 24, முடிச்ச பிள்ளையளுக்கு 26 எண்டு தீர்மானிச்சம். இருபது வருசம் படிப்பிச்ச ஆள் ஒரு இலக்கத்துக்காக இவ்வளவு நேரம் நிக்கிறதப் பாக்க எனக்குச் சந்தோசமா இருந்தது. தனிய இருந்து எழுதேக்க இலக்கத்த ஆர் யோசிக்கிறது? புத்தகத்தில கிடக்கிறது கொப்பிக்கு வரும், அவ்வளவுதான்.

மூத்த டீச்சர்தான் இன்னொண்டும் சொன்னவ. கனக்கப் பிள்ளையள் 24 எண்டதப் பாத்த உடன 4ம் 6ம் எண்டு எழுதுவினம், ஏனெண்டா நாலாறு இருபத்திநாலு. அதாவது சுற்றளவுக்குக் குடுத்த இலக்கத்தப் பரப்பளவு எண்டு எடுத்துப்போடுவினம். அப்பிடி எழுதின பிள்ளையிட்ட பிழை எண்டு சொல்லாம, அந்தத் தோட்டத்தச் சுத்தி ஒருக்கா விரலால நடந்து வலை எவ்வளவு போகும் எண்டு எண்ணிச் சொல்லு எண்டு மட்டும் கேக்கவேணும், 20தான் வரும், மிச்சம் 4 மீற்றர் வலை கையில நிக்கும், அதில பிள்ளைக்கே விளங்கும். பெருக்கல் ஓடாத பிள்ளையளுக்குச் சதுரக் கோட்டுக் கொப்பியில கீறிப் பெட்டியள எண்ண விடுறது எண்டதும் அவவின்ட யோசனைதான். இந்த மாதிரி விசயம் ஒரு வழிகாட்டிப் புத்தகத்திலயும் இல்ல, அந்த மனுசியின்ட தலைக்குள்ள இருக்கு, அவ பென்சன் எடுத்துக்கொண்டு போகேக்க அதுவும் கேற்றத் தாண்டிப் போயிடும், நீங்க ஒரு பாடவேளை தராட்டி.

பாடத்த ஒராள் எடுக்க, மற்ற ரெண்டு பேரும் பின்னுக்கு நிண்டு பாத்தம். டீச்சரப் பாக்கேல்ல, ஆளுக்கு ரெண்டு பிள்ளையளத் தெரிஞ்செடுத்து அதுவளின்ட கொப்பியையும் வாயையும் மட்டும் பாத்தம். கை தூக்கச் சொன்ன நேரம் முக்கால்வாசி வகுப்பு ஒண்டுதான் எண்டு தூக்கினது, வலை அதேதானே மிஸ் எண்டு. நான் பாத்துக்கொண்டு நிண்ட பொடியன் ஒருத்தன், வழமையா வாய் திறக்காத ஆள், 1ம் 11ம் கீறிப்போட்டு பக்கத்தில இருந்தவனிட்ட, இது தோட்டம் இல்லடா, ஒழுங்கை எண்டான். அந்த ஒரு சொல்லில விசயம் முடிஞ்சுது! நீட்டி இழுத்தா உள்ளுக்கு இடம் இல்லாமப் போகும் எண்டத அவன் தன்ர வாயால சொல்லிப்போட்டான், ஆனா பாடம் எடுத்துக்கொண்டு முன்னுக்கு நிண்ட டீச்சருக்கு அது கேக்கவே இல்ல, கேக்கவும் ஏலாது, நாப்பது பிள்ளையளுக்கு நடுவில. பின்னுக்கு இன்னொரு ஆள் நிண்டதாலதான் அது பிடிபட்டது. அடுத்த டிவிசனில பாடம் எடுக்கேக்க அந்த ஒழுங்கைய நாங்களே எடுத்து விட்டம், இது தோட்டமா ஒழுங்கையா எண்டு கேட்டு. 26க்குப் போன பிள்ளையள்ல ஒண்டு அரைப் பெட்டி, கால் பெட்டி எண்டு கீறி எண்ணிப் பாத்து 36ம் 6ம் காலும் எண்டு கொண்டு வந்து நிண்டது, பெருக்கவே இல்ல.

முடியிறதுக்கு அஞ்சு நிமிசம் இருக்கேக்க கொப்பியில ரெண்டு வரி எழுதச் சொன்னம். பாடம் தொடங்க முதல் நான் என்ன நினைச்சன், இப்ப என்ன நினைக்கிறன், ஏன் மாறினது. சும்மா விளங்கினது மிஸ், நல்லாருந்தது மிஸ் எண்டு எழுதினவையும் இருக்கினம், முதல் நாளே தத்துவம் எழுதுவினம் எண்டு எதிர்பாக்கவும் கூடாது. ஆனா ஒரு பிள்ளை, வலை வெளியாலதான் ஓடுது, வெங்காயம் உள்ளுக்குத்தான் இருக்குது, ரெண்டும் வேற எண்டு எழுதியிருந்தது. சூத்திரத்த நூறு தரம் எழுதினாலும் வராத வசனம் அது. இன்னொரு பிள்ளை நான் இப்பவும் ஒண்டுதான் எண்டு நினைக்கிறன் எண்டு நேர்மையா எழுதியிருந்தது, அதுவும் எங்களுக்குப் பெரிய உதவி, அடுத்த நாள் ஆரிட்டப் போய் இருக்கவேணும் எண்டு தெரிஞ்சுது. அந்த எழுதுற பழக்கமும் டீச்சர்மாருக்கே இல்லாம பிள்ளையளுக்கு வராது. பாடம் முடிய நாங்க மூண்டு பேரும் இருந்து எங்க சறுக்கினது எண்டு கதைக்காட்டி பிள்ளையளிட்ட மட்டும் திரும்பி யோசி யோசி எண்டு சொல்லுறதில என்ன இருக்கு.

இது நாங்க கண்டுபிடிச்ச ஒண்டு இல்ல. ஜப்பானில நூறு வருசத்துக்கும் மேலா ஆசிரியர்மார் இத வழமையாச் செய்யினம், லெசன் ஸ்டடி எண்டு இப்ப எல்லா நாட்டிலயும் சொல்லுவினம். 1995ல டிம்ஸ் எண்ட சர்வதேசக் கணித, விஞ்ஞான ஆய்வோட சேத்து ஜெர்மனி, ஜப்பான், அமெரிக்கா மூண்டு நாட்டு எட்டாம் வகுப்புக் கணிதப் பாடங்கள வீடியோ எடுத்துப் பாத்தவை. ஜப்பான் வகுப்பில கணக்கக் குடுத்துப்போட்டு வழியச் சொல்லாம விடுறதும், பிள்ளையள் கண்டுபிடிச்ச வேற வேற வழியளப் போர்டில பக்கத்தில பக்கத்தில வச்சுக் கதைக்கிறதும் மற்ற ரெண்டு நாட்டையும் விடக் கூட இருந்தது. அந்த ஆய்வில இருந்த ஸ்டிக்லரும் ஹீபெர்ட்டும் 1999ல எழுதினாப் பிறகுதான் வெளி உலகம் வடிவாத் திரும்பிப் பாத்தது, அப்பிடிப் பாடம் எடுக்கிறது அவையின்ட ரத்தத்தில ஊறினதில்ல, சேந்திருந்து ஒரு பாடத்தத் திருத்தித் திருத்திச் செய்யிறதால வந்தது எண்டு. அங்க போர்டில எந்த மூலையில என்ன எழுதுறது எண்டது கூடத் திட்டத்தில இருக்கும், அதுக்கு ஒரு பேரே வச்சிருக்கினம். பாடம் முடிஞ்சு இருந்து கதைக்கேக்க டீச்சர் நல்லாச் செய்தாவா எண்டு கேக்கிறேல்ல, பிள்ளை என்ன செய்தது எண்டுதான் கேக்கிறது. பாடம் பிழைச்சா அது மூண்டு பேரின்ட பாடமும் பிழைச்சது. முன்னுக்கு நிண்டவவின்ட தலையில மட்டும் விழாது.

இனி நீங்க சொல்லப்போறதுக்கு வாறன். ரிலீஃபுக்கு ஆள் காணாது. உண்மைதான், ஒரு நாளைக்கு நாலு பேர் லீவு எண்டா ஃப்ரீ எண்டு ஒண்டே கிடையாது, நேரசூசியில வெள்ளையாக் கிடக்கிற பெட்டி எல்லாம் எட்டு மணிக்கு முதல் ரிலீஃப் புத்தகத்தில நிரம்பிடும். அதாலதான் சொல்லுறன், இத ஃப்ரீ எண்டு போடாதேங்க, வகுப்பு மாதிரி ஒரு பேர் போட்டு அடையுங்க, ரிலீஃபுக்கு எடுக்கேலாத பெட்டி எண்டு. மருந்துக்கு ஒருக்கா ரெண்டுதரம் எடுக்கத்தான் வேணும் எண்டா எடுங்க, அது எங்களுக்கு விளங்கும், ஒவ்வொரு கிழமையும் எடுத்தா அது பிறகு எங்கட பாடவேளை இல்ல.

சிலபஸ் முடியாது எண்டும் சொல்லுவீங்க, சாதாரண தரப் பெறுபேறு, வலயத்தில எத்தினையாமிடம் எண்டும். எல்லாப் பாடத்தையும் இப்பிடி எடுக்கச் சொல்லேல்ல. கிழமைக்கு ஒண்டு, அதுவும் பிள்ளையள் வழமையாச் சறுக்குற இடங்களாத் தெரிஞ்செடுத்து. மிச்சத்த எப்பவும் போல எடுப்பம், சில பாடத்துக்குச் சொல்லிக் குடுத்துப் பயிற்சி செய்விக்கிறதுதான் நல்ல வழி, அதுவும் எங்களுக்குத் தெரியும். பெற்றோரும் ஒரு விசயம், பின்னேரம் கொப்பியப் புரட்டி இண்டைக்கு மிஸ் ஒண்டும் எழுதித் தரேல்லையா எண்டு கேக்கிற சனம்தானே நாங்க எல்லாரும், அதால கொப்பியில என்ன மிஞ்சவேணும் எண்டதையும் சேத்துத்தான் திட்டமிடவேணும்.

விட்டா இருந்து ஊர்க்கதை கதைப்பினம் எண்டு ஒரு சேர் முகத்துக்கு நேர சொன்னார். கதைப்பம்தான். முதல் பத்து நிமிசம் சம்பள முரண்பாடும் இடமாற்றமும் தேங்காய் விலையும் போகும், பிறகு வெங்காயத் தோட்டத்துக்கு வருவம். பிள்ளையளையே குழுவா இருந்து கதைச்சுப் படி எண்டு சொல்லுற நாங்க, படிப்பிக்கிற ஆக்கள் குழுவா இருந்தா நம்பமாட்டம் எண்டா அது என்ன கணக்கு? வேணுமெண்டா பாடவேளை முடிய என்ன செய்தம் எண்டு ஒரு தாள் கேளுங்க, பாடத்திட்டமாவே தருவம்.

பள்ளிக்கூடம் விட்டாப் பிறகு வையுங்க எண்டு மட்டும் சொல்லாதேங்க. ஒண்டரைக்கு மணி அடிக்க, ஒண்டே முக்கால் பஸ்ஸ விட்டா அடுத்தது எப்ப எண்டு தெரியாத ஆக்கள் எங்கட ஸ்டாஃபில பாதி. மூதூருக்குப் போறவை, கிண்ணியாவால வாறவை, குச்சவெளியில இருந்து விடிய ஏறி வாறவை. 2009ல கிண்ணியாப் பாலம் திறந்தாப் பிறகு பாதைப் படகுக்குக் காவல் நிக்கிற கரைச்சல் போனது, ஆனா தூரம் தூரம்தான், சின்னப் பிள்ளையளக் கிறெச்சில விட்டுட்டு வாற டீச்சருக்கு ரெண்டு மணி எண்டா ரெண்டு மணிதான். பின்னேரக் கூட்டம் எண்டா ரவுணுக்குள்ள இருக்கிறவையும் மோட்டச்சைக்கிள் இருக்கிற ஆம்பிளையளும் மட்டும் இருந்து திட்டமிடுவினம்.

ஒரு பாடத்துக்கு ஒரே ஒரு டீச்சர் இருக்கிற சின்னப் பள்ளிக்கூடங்கள் என்ன செய்யிறது எண்டது நியாயமான கேள்வி, சம்பூர்ப் பக்கம், ஈச்சிலம்பற்றுப் பக்கம், தம்பலகாமத்தின்ட உள்ளூருகள் எல்லாம் அப்பிடித்தான், சில இடத்தில அந்த ஒராளும் இல்ல. அங்க ரெண்டு வழி. கிட்ட இருக்கிற ரெண்டு மூண்டு பள்ளிக்கூடத்து அதிபர்மார் கதைச்சு ஒரே நாளில ஒரே கடைசிப் பாடவேளையள ஒதுக்கினா, ரெண்டு கிழமைக்கு ஒருக்காவாவது ஒரு இடத்தில சந்திக்கலாம், சிங்கள மொழிமூலப் பள்ளிக்கூடம் கிட்ட இருந்தா அவையையும் கூப்பிடலாம், 24 மீற்றர் வலை எல்லா மொழியிலயும் 24 மீற்றர்தான். இல்லாட்டி ஒரே பள்ளிக்கூடத்தில வேற வேற பாட ஆக்கள் சேருறது. கன்னியாவ எடுங்க, ஒரே இடத்தில ஏழு வெந்நீர்க் கிணறு, ஒண்டுக்கொண்டு சூடு கொஞ்சம் வித்தியாசம். நாங்க பிள்ளையளக் கூட்டிக்கொண்டு போய்க் குளிச்சுப்போட்டு பட்டீஸ் திண்டுட்டு வாறம். விஞ்ஞான டீச்சரும் கணித டீச்சரும் புவியியல் சேரும் முதல் கிழமை இருந்து கதைச்சா, வெப்பமானிய எந்த ஆழத்தில பிடிக்கிறது, எத்தின தரம் எடுக்கிறது, எந்தக் கிணறு கூடச் சுடும் எண்டு பிள்ளையள் கை விட்டுப் பாத்து முதல்ல சொல்லுறதும் வெப்பமானி சொல்லுறதும் ஏன் ஒத்துவரேல்ல எண்டு கேக்கிறது, அட்டவணைய வரைபாக்கிறது எண்டு மூண்டு பாடம் ஒரு பஸ் பயணத்தில முடியும். தனிய ஒரு ஆள் நாப்பது பிள்ளையோட வெந்நீர்க் கிணத்தடியில நிக்கப் பயப்பிடும், அதில பிழையே இல்ல.

ரெண்டு சின்ன வேண்டுகோள் இன்னும் இருக்கு. சேந்து செய்த பாடத்திட்டத்த ஒண்டாவே ஏற்றுக்கொள்ளுங்க, ஒராள் எழுத மற்றவை ஃபோட்டோக்கொப்பி எடுத்துப் பாடக்குறிப்புப் புத்தகத்தில ஒட்டுவம், அதுக்குக் கீழ அவையவை தங்கட வகுப்பில என்ன நடந்தது எண்டு கையால எழுதுவினம். நீங்க கையெழுத்துப் போடேக்க அந்தக் கீழ் வரியள வாசிச்சுப் போடுங்க, மேல இருக்கிறதுக்கு இல்ல. மற்றது, ஒராளின்ட வகுப்ப இன்னொராள் பாக்கிறதையும் மேற்பார்வையையும் கலக்காதேங்க. மேற்பார்வைப் படிவம் உங்களுக்கு வேணும், அது உங்கட கடமை, அத நீங்க செய்யுங்க. நாங்க ஒராளின்ட வகுப்புக்கு ஒராள் போகேக்க படிவம் வேண்டாம், புள்ளி வேண்டாம், ஃபைலில போடவும் வேண்டாம். படிவம் எண்டு ஒண்டு பின் வாங்கிலுக்கு வந்திட்டா அண்டைக்கு டீச்சர் தனக்கு நிச்சயமாத் தெரிஞ்ச பாடத்தத்தான் எடுப்பா, பிள்ளையளும் பதில் தெரிஞ்ச ஆக்கள் மட்டும்தான் கை தூக்குவினம், இது எல்லாருக்கும் தெரிஞ்ச நாடகம்.

நேரசூசி போடுற கஷ்டம் எனக்குத் தெரியும், ஒரு பெட்டிய அசைச்சா பத்துப் பெட்டி ஆடும். அதால கடைசியில இடம் இருந்தாப் பாப்பம் எண்டு வச்சா இது ஒருக்காலும் வராது. தாள் வெறுமையா இருக்கேக்க, உயர்தர வகுப்புகளையும் ஆய்வுகூடப் பாடவேளையளையும் போடுற நேரத்திலயே இத முதல்ல பூட்டிப்போட்டு மற்றதச் சுத்தி நிரப்புங்க. எல்லாப் பாடத்துக்கும் ஒரே வருசத்தில வேண்டாம், ஒரு தரத்துக்கு ஒரு பாடத்தில தொடங்குங்க, கணிதம் எண்டில்ல, தமிழாவும் இருக்கலாம், வரலாறாவும் இருக்கலாம், ஆர் விருப்பமா வருகினமோ அவையில இருந்து. விருப்பமில்லாத ஆக்களக் கட்டாயப்படுத்தி இருத்தினா பழைய தரவட்டம்தான் திரும்பி வரும். எங்களக் கேட்டா, தரம் 7 கணிதத்துக்குப் புதன் மூண்டாம் பாடவேளை நல்லம், திங்கள் காலமைக் கூட்டம் இழுபடும், வெள்ளி ஜும்ஆவுக்குப் போறவை இருக்கினம், இடைவேளைக்குக் கிட்ட எண்டா கதை முடியாட்டி டீயோட தொடரலாம். வெங்காயத் தோட்டத்தின்ட திட்டம் கையெழுத்தில நாலு பக்கம் இருக்கு, கேக்கிற பள்ளிக்கூடத்துக்குக் கொப்பி எடுத்துத் தாறன், திருத்தி எழுதித் திருப்பித் தந்தா இன்னும் சந்தோசம்.

இப்படிக்கு,
திருகோணமலையில தரம் 7க்குக் கணிதம் படிப்பிக்கிற ஒரு டீச்சர்